எம்.ஆர்.ஐ. கருவிக்குள் என்ன நடக்கிறது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். டெக்னீஷியன், பயிற்சிக்கு வந்த மாணவி, நர்ஸ், சில நேரம் நோயாளியோடு துணைக்கு வந்த மாமா. ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் இன்ஜினியர், டாக்டர் இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

1. எம்.ஆர்.ஐ. எடுத்தா உடம்புல ரேடியேஷன் ஏறுமா சார்?

எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் வரும் கதிர்வீச்சு இதில் கிடையாது. இங்கே வேலை செய்வது காந்தமும் ரேடியோ அலையும்தான். டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு. 1.5 டெஸ்லா கருவியின் ரேடியோ அலை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். வானொலிக்குச் சற்றுக் கீழே. இந்த அலையின் ஒரு ஃபோட்டானைவிட, அதாவது ஒரு ஆற்றல் பொட்டலத்தைவிட, எக்ஸ்ரே ஃபோட்டானுக்குப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல் ஆற்றல் உண்டு. டி.என்.ஏ.வை உடைக்கிற வலு ரேடியோ அலைக்கு இல்லை.

பெயரும் ஒரு காரணத்தால்தான் சுருங்கியது. ஆரம்பத்தில் இதை நியூக்ளியர் மேக்னெட்டிக் ரெசனன்ஸ் என்றார்கள். நியூக்ளியர் என்றால் இங்கே ஹைட்ரஜன் அணுவின் கரு, அவ்வளவே. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜனங்களுக்கு அணுகுண்டு ஞாபகம் வந்தது, சொல்லைத் தூக்கிவிட்டு மேக்னெட்டிக் ரெசனன்ஸ் இமேஜிங், அதாவது எம்.ஆர்.ஐ. என்றார்கள். ஆபத்தே இல்லாத கருவி என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 12 முதல் 15 வரையுள்ள கேள்விகளைப் பாருங்கள்.

2. அப்போ உள்ளே எதைத்தான் அது பார்க்குது?

ஹைட்ரஜனை. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் நிறையக் கொழுப்பு. இரண்டிலும் ஹைட்ரஜன் ஏராளம். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். சாதாரணமாக இந்தக் குட்டிக் காந்தங்கள் ஆளுக்கொரு திசையில் இருப்பதால் மொத்தத்தில் ஒன்றையொன்று சரிக்கட்டிப் பூஜ்யம்.

பெரிய காந்தத்துக்குள் போனதும் எல்லாம் வரிசையில் நின்றுவிடும் என்று பல இடங்களில் படம் போட்டிருப்பார்கள். அது மிகை. 1.5 டெஸ்லாவில், உடம்பின் வெப்பநிலையில், பத்து லட்சம் புரோட்டானுக்கு வெறும் ஐந்துதான் காந்தத்தின் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது. மீதியின் விளைவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் ஹைட்ரஜன் கருக்களின் எண்ணிக்கை 6-க்குப் பின்னால் பத்தொன்பது பூஜ்யம் போடுகிற அளவு. பத்து லட்சத்துக்கு ஐந்து என்றாலும் கைக்குக் கிடைப்பது முன்னூறு லட்சம் கோடிக்கு மேல். அந்தச் சிறு உபரியை நம்பித்தான் இந்தக் கருவியே இருக்கிறது.

3. 1.5 டெஸ்லா, 3 டெஸ்லான்னு சொல்றாங்களே, அது எவ்வளவு பலம்?

பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். 1.5 டெஸ்லா அதைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு.

பலத்தைவிட எங்களுக்குத் தலைவலி தருவது சீர். நோயாளி படுக்கும் குழாயின் நடுவில், ஒரு பெரிய பூசணிக்காய் அளவு இடத்துக்குள், எந்த மூலையில் அளந்தாலும் புலம் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. தொழிற்சாலையில் எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், கட்டிடத்தில் கொண்டு வந்து வைத்ததும் தரையில் இருக்கிற முறுக்குக் கம்பியே அதைக் கெடுத்துவிடும். அதனால் காந்தத்துக்கு மின்னோட்டம் ஏற்றிய பிறகு புள்ளி புள்ளியாக அளந்து, சின்னச் சின்ன இரும்புத் தகடுகளைக் குழாயைச் சுற்றியுள்ள தட்டுகளில் செருகிச் சரி செய்வோம். ஷிம்மிங் என்று பெயர். தகடு வைப்பது, அளப்பது, மறுபடி எடுப்பது, மறுபடி அளப்பது. பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத வேலை.

4. ராத்திரி யாரும் ஸ்கேனுக்கு வர மாட்டாங்க. காந்தத்தை ஆஃப் பண்ணி வெச்சா கரண்ட் மிச்சமாகுமே?

மருத்துவமனை நிர்வாகிகளின் கேள்வி இது. காந்தம் கரண்ட் பில்லில் இல்லை. அதைச் சுற்றியுள்ள குளிரூட்டும் ஏற்பாடுதான் பில்லில் இருக்கிறது.

குழாயைச் சுற்றி நியோபியம்-டைட்டானியம் கம்பி பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சுற்றியிருக்கும். மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ ஹீலியத்தால் அதைக் குளிரவைத்தால் கம்பியின் மின்தடை முற்றிலும் போய்விடும். இதுதான் மீக்கடத்தல். 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் கண்டுபிடித்தது. நிறுவும்போது ஒருமுறை வெளியிலிருந்து சில நூறு ஆம்பியர் மின்னோட்டம் ஏற்றுவோம். சுருளின் இரு முனைகளுக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டுக் கம்பி உண்டு. ஏற்றுகிறவரை அதை ஒரு ஹீட்டரால் சூடாக்கித் தடை உள்ளதாக வைத்திருப்போம். போதிய அளவு ஏறியதும் ஹீட்டரை அணைத்தால் அந்தத் துண்டும் மீக்கடத்தியாகி வட்டம் மூடிக்கொள்ளும். அப்புறம் மின்சப்ளையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்பிவிடுவோம். மின்னோட்டம் உள்ளேயே ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல காந்தத்தில் பத்து வருடம் கழித்தும் ஒரு சதவீதம் குறைந்திருக்காது.

ஆக, ஆஃப் செய்ய சுவிட்ச் இல்லை. கருவியின் விளக்கெல்லாம் அணைந்து, கம்ப்யூட்டர் அணைந்து, ஊருக்கே மின்வெட்டு வந்தாலும் காந்தம் இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.

5. அவ்வளவு குளிர் உள்ளே இருக்குன்னா படுத்திருக்கிறவங்களுக்குக் குளிராதா?

பிளாஸ்க்கில் காபி வைத்தால் வெளியே கை சுடுவதில்லை, இல்லையா? அதே சங்கதி, தலைகீழாக. நடுவில் வெற்றிடம், பளபளக்கும் தடுப்புகள், பல அடுக்குக் காப்பு. இவ்வளவு இருந்தும் கொஞ்சம் வெப்பம் கசியும், ஹீலியம் ஆவியாகும். மேலே இருக்கும் குளிர்விப்பான் அந்த ஆவியை மறுபடி திரவமாக்கிக் கீழே சொட்ட விடுகிறது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அறையில் சீரான இடைவெளியில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்கும். அது இந்தக் குளிர்விப்பான்தான். அது நின்றுபோனால் எனக்கு நள்ளிரவில் போன் வரும்.

பழைய காந்தங்களில் 1,500 லிட்டர் அளவுக்கு ஹீலியம் இருக்கும். இப்போது வரும் சில மாடல்களில் 7 லிட்டரை நிரந்தரமாக அடைத்து மூடிவிடுகிறார்கள். ஹீலியம் இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து கிடைப்பது, சில நாடுகளே பெரும்பங்கை விற்கின்றன, விலை தாறுமாறாக ஏறும். இந்த மாற்றம் எங்கள் தொழிலில் சமீபத்தில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று.

6. ரேடியோ அலைன்னா உள்ளே எஃப்.எம். கேட்குமா?

கேட்கவே கூடாது. காந்தப்புலத்தில் உள்ள புரோட்டான் தலையாட்டும் பம்பரம் மாதிரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும். ஒரு டெஸ்லாவுக்கு நொடிக்கு 4 கோடியே 25 லட்சத்துச் சொச்சம் சுற்று, அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லாவில் 63.87, 3 டெஸ்லாவில் 127.7. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைத் தட்டினால் பம்பரங்கள் ஒத்திசைந்து சாயும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தான் உயரப் போகும், அந்த மாதிரி. அலையை நிறுத்திவிட்டு அதே மூச்சில் காது கொடுத்தால், சாய்ந்த பம்பரங்கள் சேர்ந்து சுழலும்போது பக்கத்துச் சுருளில் ஒரு மெல்லிய மின்னழுத்தம் எழும்பும்.

அனுப்பும்போது உச்சத்தில் கிலோவாட் கணக்கு, கேட்கும்போது மைக்ரோவோல்ட் கணக்கு. இவ்வளவு நுண்ணிய முணுமுணுப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் வெளியுலக ஒலிபரப்பு நுழைந்தால் காரியம் கெட்டது. அதனால் அறை முழுக்கச் செம்புத் தகடு வேய்ந்திருக்கும். சுவர், கூரை, தரை, கதவு எல்லாம். கண்ணாடி ஜன்னலை உற்றுப் பாருங்கள், உள்ளே மெல்லிய கம்பி வலை தெரியும். உங்கள் முழங்காலையோ தலையையோ சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டுவதும் இதற்குத்தான். கேட்கும் சுருள் எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு தெளிவு.

7. சரி, எல்லா ஹைட்ரஜனும் ஒரே நேரத்துல கத்துது. எது மூளை, எது மூக்குன்னு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. கேட்டால் அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம். ஏனென்றால் இதுவரை சொன்ன எதிலும் படம் இல்லை. பெரிய காந்தம் படம் எடுப்பதில்லை, ரேடியோவும் படம் எடுப்பதில்லை. இதுவரை நம்மிடம் இருப்பது முழு உடம்பிலிருந்தும் கலந்துகட்டி வரும் ஒரே ஒரு ஓசை.

படத்தை உண்டாக்குவது மூன்றாவதாக ஒன்று: கிரேடியன்ட் சுருள்கள். தமிழில் சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். 3-ஆம் கேள்வியில் பாடுபட்டுச் சீராக்கினோமே, அந்தப் புலத்தை இவை வேண்டுமென்றே சாய்க்கின்றன. தலைப்பக்கம் ஒரு நூல் கூட, கால்பக்கம் ஒரு நூல் குறைய. முழு வேகத்தில், மீட்டருக்கு 40 மில்லிடெஸ்லா என்று வைத்தாலும், நடுவிலிருந்து கால் மீட்டர் தள்ளி வித்தியாசம் 0.01 டெஸ்லாதான், 1.5-ல் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்தச் சின்னச் சாய்வு போதும். புலம் மாறினால் பம்பரத்தின் வேகம் மாறும், வேகம் மாறினால் அதிர்வெண் மாறும். இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி. ஹார்மோனியக் கட்டைகளை உடம்பின் மேல் வரிசையாக அடுக்கியது போல.

ஒரு கணக்கு. மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா சரிவு போட்டால், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு துண்டின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 2,129 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ரேடியோ அலையை அந்த 2,129 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் மட்டும் அனுப்பினால் அந்தத் துண்டு மட்டும் சாயும், பக்கத்துத் துண்டுகள் அசையாது. உடம்பைத் தொடாமல் ஒரு துண்டு போட்டுவிட்டோம். எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் போடலாம். மூன்று திசைக்கும் மூன்று சுருள் இருப்பதால் கலந்து கொடுத்தால் சாய்வெட்டும் கிடைக்கும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியதில்லை.

8. கே-ஸ்பேஸ் பாடம் நடத்துறாங்க, எதுவுமே மண்டையில ஏறல. சிம்பிளா சொல்லுங்க சார்.

பயிற்சி மாணவர்களின் நிரந்தரப் புகார். துண்டைத் தேர்ந்தாயிற்று. இனி அதற்குள் இடது வலது, மேல் கீழ் பிரிக்க வேண்டும். இடது வலதுக்கு, கேட்கிற நேரத்தில் ஒரு சரிவைப் போட்டுவிடலாம். வருகிற கூட்டு ஓசையை ஃபூரியர் கணக்கால் சுருதி சுருதியாகப் பிரித்தால், எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மேல் கீழுக்கு அதே வித்தையை அதே நேரத்தில் செய்ய முடியாது; இரண்டு சரிவும் சேர்ந்து ஒரே சாய்வாகிவிடும். அதனால் கேட்பதற்கு முன் மேல் கீழ்ச் சரிவை ஒரு கணம் போட்டு எடுத்துவிடுகிறோம். ஒரே நேரம் காட்டிக்கொண்டிருந்த கடிகாரங்களில் சிலதை ஒரு கணம் வேகமாக ஓடவிட்டுப் பழைய வேகத்துக்கே கொண்டு வந்தால் என்ன ஆகும்? இப்போது எல்லாம் ஒரே வேகம், ஆனால் முட்கள் வேறு வேறு இடத்தில் இருக்கும். அந்த முள் வித்தியாசம்தான் ஃபேஸ். ஒரு தடவை கேட்டு இதைப் பிரிக்க முடியாது. சரிவின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி 256 தடவை கேட்டால் பிரிக்கலாம். ஒவ்வொரு தடவை கேட்டதையும் ஒரு வரியாக எழுதி அடுக்கி வைக்கும் நோட்டுப் புத்தகம்தான் கே-ஸ்பேஸ்.

அந்தப் புத்தகத்தின் நடுவரிகளில் படத்தின் வெளிச்சமும் நிழலும் இருக்கும், ஓரத்து வரிகளில் கூர்மையான விளிம்புகள் இருக்கும். நடுவை மட்டும் வைத்துப் படம் போட்டால் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல் மங்கல். ஓரத்தை மட்டும் வைத்தால் கோட்டோவியம். கன்சோலில் இதை ஒருமுறை செய்து பாருங்கள், அப்புறம் பரீட்சைக்கு மறக்காது.

9. ஏன் சார் இந்தச் சத்தம்? உள்ள ஏதோ லூசா இருக்கா?

எதுவும் லூசாக இல்லை. 7-ஆம் கேள்வியின் கிரேடியன்ட் சுருள்கள்தான் கத்துகின்றன. பலமான காந்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் நொடிக்குப் பல நூறு தடவை ஏறி இறங்கினால், கம்பியின் மேல் விசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதைக்கும். ஸ்பீக்கரில் நடப்பது அச்சு அசலாக இதேதான். அங்கே காகிதக் கூம்பு, இங்கே பிசினில் வார்த்த கனமான உருளை. 100 டெசிபலைத் தாண்டும், அதனால் காதடைப்பான் கட்டாயம். சரிவைப் போடும் தாளம் ஸ்கேனுக்கு ஸ்கேன் மாறுவதால்தான் ஒருமுறை பறை மாதிரியும் இன்னொருமுறை துளைபோடும் மெஷின் மாதிரியும் கேட்கிறது. பழகியவர்கள் வெளியே நின்றே எந்த வகை ஸ்கேன் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

சிலருக்கு முதுகிலோ தொடையிலோ சதை துடிப்பது போல இருக்கும். அதுவும் இதனால்தான், வேகமாக மாறும் புலம் நரம்பில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இன்று கிரேடியன்டை இன்னும் வேகமாக்க எங்களைத் தடுப்பது மின்னணுவியல் மட்டுமில்லை, மனித நரம்பும்தான்.

10. சி.டி. சில நொடியில முடியுது. இதுக்கு மட்டும் ஏன் அரை மணி நேரம்?

8-ஆம் பதிலில் 256 தடவை என்றேனே, அங்கேதான் நேரம் போகிறது. ஒரு தடவை தட்டியபின் பம்பரங்கள் பழைய நிலைக்குத் திரும்பக் காத்திருக்க வேண்டும். அரை நொடி காத்திருந்தால் 256 வரிக்கு 128 நொடி. நான்கு நொடி காத்திருக்க வேண்டிய வகை என்றால் பதினேழு நிமிடம். யார் ஆடாமல் படுத்திருப்பார்கள்? 1986-ல் ஜெர்மனியின் ஹென்னிக் குழு ஒரு வழி சொன்னது: ஒரு தட்டுக்கு ஒரு வரி கேட்பதற்குப் பதில் எதிரொலிகளை வரிசையாக எழுப்பி, ஒரே தட்டில் பல வரிகளைக் கேட்பது. 16 எதிரொலி என்றால் பதினேழு நிமிடம் 64 நொடியாகிவிடும்.

அப்புறம் சுருள்களின் எண்ணிக்கை கூடியது. பக்கத்தில் இருக்கும் சுருளுக்குப் பக்கத்தில் இருப்பதே பலமாகக் கேட்கும். அந்த வித்தியாசமே ஒரு இடக்குறிப்பு. அதை வைத்து வரிகளில் பாதியைக் கேட்காமலே விட்டுவிட்டுக் கணக்கில் நிரப்பிக்கொள்ளலாம். 1990-களின் கடைசியில் வந்த இந்த யோசனை இப்போது பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அரை மணி ஆவது, ஐந்தாறு வகைப் படங்களைத் தனித்தனியாக எடுப்பதால்.

11. அந்த டி1, டி2ன்னா என்ன? ஒரே முதுகை எதுக்கு ரெண்டு தடவை எடுக்கணும்?

சாய்ந்த பம்பரங்கள் மறுபடி காந்தத்தின் பக்கம் நிமிர ஆகும் நேரம் டி1. ஒன்றாகச் சுழன்றவை தாளம் தப்பிக் கலைய ஆகும் நேரம் டி2. இரண்டும் திசுவுக்குத் திசு மாறும். கொழுப்பு சீக்கிரம் நிமிர்ந்துவிடும். மூளைத் தண்டுவட நீருக்குச் சில நொடிகள் வேண்டும். சீக்கிரமே திரும்பத் தட்டினால் கொழுப்பு வெளுப்பாகவும் நீர் கறுப்பாகவும் வரும். இது டி1 படம். நிதானமாகத் தட்டி, தாமதமாகக் கேட்டால் நீர் பளிச்சென்று வரும், இது டி2. வீக்கத்திலும் பல நோய்களிலும் நீர் கூடுவதால் டாக்டர்கள் டி2-வை விரும்புகிறார்கள். பயிற்சி மாணவர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் தண்டுவட நீர் என்ன நிறம் என்று பார்க்கட்டும், எந்தப் படம் என்று உடனே தெரியும்.

ஊசி போட்டு எடுப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஊசியில் இருக்கும் கடோலினியத்தில் ஜோடி இல்லாத எலெக்ட்ரான் ஏழு. அருகிலுள்ள தண்ணீரின் டி1 அதனால் குறைகிறது, அந்த இடம் வெளுக்கிறது. எக்ஸ்ரே சாயம் தானே தெரியும், இது தன் பக்கத்திலுள்ள தண்ணீரைத் தெரிய வைக்கிறது. மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால்தான் முன்கூட்டியே சிறுநீரகப் பிரச்சினை உண்டா என்று கேட்கிறார்கள்.

12. தங்கம் காந்தத்துல ஒட்டாது. தாலியை எதுக்குக் கழட்டச் சொல்றீங்க?

நியாயமான கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட. தங்கம் ஒட்டாது, உண்மை. ஆனால் தாலிக் கொடியில் கோத்திருக்கும் ஊக்கு ஒட்டும். அது இரும்பு. குழாய்க்குள் நுழையும்போது ஊக்கோடு சேர்ந்து கொடியே எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊக்கு இல்லாவிட்டாலும் இரண்டு காரணம். உலோகக் கொடி ஒரு வளையம். ரேடியோ அலை அதில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும். அடுத்தது, பக்கத்திலுள்ள படம் கெடும். வெற்றுத் தோலே வளையமாகலாம். கையைக் கோத்து வயிற்றின் மேல் வைத்தால், தொடை தொடையோடு ஒட்டினால், தொடும் இடத்தில் தீக்காயம் வரக்கூடும். நடுவில் துணி மடித்து வைப்பது அதனால்தான். உடம்பு மொத்தம் சூடாவதைக் கருவியே கணக்குப் பார்க்கிறது. வழக்கமான வரம்பு கிலோவுக்கு 2 வாட். எடையைச் சரியாகச் சொல்லுங்கள் என்று டெக்னீஷியன் கேட்பது இந்தக் கணக்குக்காக. கூச்சத்தில் குறைத்துச் சொல்ல வேண்டாம். கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கயிறால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

13. கால்ல பிளேட் வெச்சிருக்கு. பிடுங்கிட்டுப் போயிடாதா?

எலும்புக்கு வைக்கும் டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. பெரும்பாலும் பிரச்சினை இழுப்பில் இல்லை, படத்தில். உலோகத்தைச் சுற்றிப் புலம் கோணலாகிவிடும், 7-ஆம் பதிலில் சொன்ன சுருதிக் கணக்கு தப்பும், அந்த இடம் கறுத்தோ இழுபட்டோ தெரியும். பேஸ்மேக்கர், காதுக்குள் வைக்கும் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப் இவையெல்லாம் வேறு ரகம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவில் 2011-ல் அனுமதி கிடைத்தது. ஏற்றது என்றாலும் நிபந்தனைகளோடுதான். எந்த மாடல் என்று எழுதிய அட்டை இல்லாமல் உங்களைத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

14. ஆக்சிஜன் சிலிண்டர் இழுத்துப் போச்சுன்னு நியூஸ்ல வந்துச்சே, நிஜமா?

நிஜம். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியுடன் வந்த உறவினர் ஒருவர் சிலிண்டரோடு அறைக்குள் போய் உயிரிழந்தார். கருவி அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 4-ஆம் பதிலின் கடைசிப் பத்தியை இன்னொருமுறை படியுங்கள். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனும் இப்படிப் பறந்து வந்த சிலிண்டரால் இறந்தான்.

இதில் ஒரு பொறியியல் முரண் உண்டு. புலம் அறைக்கு வெளியே பரவாமலிருக்க, காந்தத்தின் வெளிச்சுற்றில் எதிர்த்திசை மின்னோட்டத்தோடு இன்னொரு சுருள் வைக்கிறார்கள். அதனால் புலம் குழாயின் வாயருகே செங்குத்தாகச் சரிகிறது. இரும்பை இழுப்பது புலத்தின் பலம் மட்டுமில்லை, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும்தான். பழைய காந்தத்தில் கதவருகிலேயே கையில் இழுப்பு தெரியும். புதியதில் ஒன்றுமே தெரியாமல் நடந்து போய், ஓரடி கூட வைத்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

15. சிவப்புப் பட்டனை அமுக்கினா காந்தம் நின்னுடும்தானே?

எந்தச் சிவப்புப் பட்டன் என்று முதலில் பாருங்கள். சுவரில் இரண்டு இருக்கும். ஒன்று மின்சாரத்தை வெட்டும்; தீ, ஷாக் போன்றவற்றுக்கு. அதை அமுக்கினால் காந்தம் அப்படியே இருக்கும். மூடிக்குள் இருக்கும் இன்னொன்றுதான் காந்தத்தை இறக்குவது. எங்கள் பாஷையில் குவென்ச்.

அதை அமுக்கினால் சுருளின் ஒரு பகுதி சூடாகி மீக்கடத்தல் போகும், அந்தச் சூடு அடுத்த பகுதிக்குப் பரவும், சில பத்து நொடிகளில் புலம் விழுந்துவிடும். இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்த ஆற்றல் முழுவதும் ஹீலியத்தைக் கொதிக்க வைக்கும். ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் 700 லிட்டருக்கு மேல் வாயு. 1,500 லிட்டருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் தடித்த குழாய் வழியாக மொட்டைமாடிக்குப் போக வேண்டும். குழாய் வாயில் பறவை கூடு கட்டி அடைத்திருந்தால் வாயு அறைக்குள் வரும், ஆக்சிஜனைத் தள்ளிவிடும், அழுத்தத்தில் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்க முடியாமல் போகும். ஆள் மாட்டிக்கொண்டு உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் அமுக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட சக்கர நாற்காலியை எடுக்க அமுக்கக் கூடாது. அதற்கு நாங்கள் வந்து நிதானமாக இறக்குவோம்.

16. இதைக் கண்டுபிடிச்சது யாரு? நோபல் பரிசுல சண்டைன்னு கேள்விப்பட்டேன்.

கருக்கள் ரேடியோ அலைக்கு ஒத்திசைவதைத் திரவத்திலும் திடப்பொருளிலும் 1946-ல் தனித்தனியாகக் காட்டியவர்கள் இயற்பியலாளர்கள் பிளாக், பர்செல், 1952-ல் நோபல். 1971-ல் அமெரிக்க மருத்துவர் டமாடியன், எலியின் புற்றுத் திசுவுக்கும் நல்ல திசுவுக்கும் டி1, டி2 வேறுபடுவதைக் காட்டினார். 1977-ல் ஒரு மனிதரின் மார்பை ஸ்கேன் செய்தார், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 1973-ல் அமெரிக்க வேதியியலாளர் லாட்டர்பர், சரிவைப் போட்டுப் படம் எடுக்கலாம் என்று இரண்டு மெல்லிய தண்ணீர்க் குழாய்களின் படத்தோடு கட்டுரை வெளியிட்டார். நேச்சர் இதழ் முதலில் அதை நிராகரித்தது. இங்கிலாந்தில் இயற்பியலாளர் மான்ஸ்ஃபீல்ட் துண்டு தேர்வதையும் வேகமாகப் படிப்பதையும் கணக்காக்கினார். 2003 நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும். விடுபட்ட டமாடியன் தரப்பு பெரிய பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக் கண்டித்தது.

டமாடியனுக்குப் பரிசு தந்திருக்கலாமா என்று டீக்கடையில் கேட்டால் தந்திருக்கலாம் என்பேன். ஆனால் இன்று நான் திறந்து பார்க்கும் ஒவ்வொரு கருவியிலும் படம் வருவது சரிவினால்தான். அவர் அன்று செய்தது போலப் புள்ளி புள்ளியாக ஆளை நகர்த்தி யாரும் எடுப்பதில்லை.

17. 3 டெஸ்லான்னா 1.5-ஐ விட ரெண்டு மடங்கு நல்ல படம்தானே?

விற்பனைப் பிரதிநிதி அப்படித்தான் சொல்வார். சிக்னல் ஏறத்தாழ இரட்டிப்பாவது உண்மை. மூளை, மூட்டு, ரத்தக்குழாய்க்கு அது பெரிய லாபம். ஆனால் அதே ரேடியோ தட்டலுக்கு உடம்பு வாங்கும் வெப்பம் நான்கு மடங்கு. 128 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் உடம்புக்குள் சுமார் 30 சென்டிமீட்டராகக் குறுகிவிடும், வயிற்றின் அகலமும் அதே அளவு. அதனால் அலைகள் ஒன்றையொன்று அழித்து வயிற்றுப் படத்தின் நடுவில் நிழல் விழும். உலோகம் கெடுக்கும் பரப்பும் கூடும். முதுகில் திருகு போட்டவருக்கு நான் கேட்டால் 1.5-க்கே போகச் சொல்வேன்.

பலத்தின் எல்லைகள் இரண்டு பக்கமும் நீள்கின்றன. பாரிஸ் அருகே சாக்லேயில் இருக்கும் இசெல்ட் என்னும் ஆராய்ச்சிக் கருவி 11.7 டெஸ்லா, காந்தம் மட்டும் 132 டன், ஹீலியத்தை மைனஸ் 271 டிகிரிக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். 2024-ல் மனித மூளைப் படங்கள் வெளிவந்தன. மறுபக்கம் 0.064 டெஸ்லாவில், நிலைக்காந்தத்தோடு, சக்கரம் வைத்து ஐ.சி.யூ. படுக்கைக்கே தள்ளிக்கொண்டு போகும் கருவிக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. படம் கரகரப்பாக இருக்கும். நகர்த்த முடியாத நோயாளிக்கு அதுவே பெரிது.

18. படத்துக்குக் குறுக்கே புள்ளிப் புள்ளியா ஒரு கோடு வருது. காந்தம் போயிடுச்சா?

காந்தம் போயிருந்தால் படமே வராது. ஒரே இடத்தில் நேர்கோடாகப் புள்ளிகள் என்றால் ஏதோ ஒரு ஒற்றைச் சுருதி உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். சுருதி என்றால் இடம், 7-ஆம் பதிலின்படி. அதனால் வெளியிலிருந்து வரும் ஒரு அதிர்வெண், படத்தில் ஒரு கோடாக நிற்கிறது.

முதலில் கதவு சரியாக மூடியிருக்கிறதா பாருங்கள். கதவு விளிம்பில் செம்பு விரல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றிரண்டு வளைந்தாலோ அழுக்குப் படிந்தாலோ 6-ஆம் கேள்வியின் கூண்டில் ஓட்டை. அடுத்து, அறைக்குள் புதிதாக என்ன வந்தது? ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் தேடினேன். கதவைத் துடைத்தேன், வடிகட்டிகளை மாற்றினேன், சுருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அறையைச் சுத்தம் செய்கிற அம்மா, "போன வாரம் இந்த லைட்டை மாத்தினாங்க தம்பி, அதுக்கப்புறம்தான் நீங்க வந்துட்டே இருக்கீங்க" என்றார். விலை குறைந்த எல்.இ.டி. விளக்கு. அணைத்ததும் கோடு போய்விட்டது. பழைய விளக்கைப் பொருத்திவிட்டு அன்று மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.